மரச்சீனிச் சர்க்கரையில் லாக்டிக் அமிலம்: ஈஸ்டின் வளர்சிதைப் பாதையைத் திருப்பும் வழிமுறை

குமரி மாவட்டக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடத் தொடங்கியதும், மரச்சீனியிலிருந்தோ (மரவள்ளிக்கிழங்கு) அக்கானியிலிருந்தோ (பதநீர்) நுண்ணுயிரியைக் கொண்டு எரிபொருள் எடுக்கலாமா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. எடுக்கலாம். ஆனால் அதே சர்க்கரையிலிருந்து எரிபொருளைவிட ஆதாயமான பொருள்களையும் எடுக்கலாம் என்பதால், எதை நோக்கிச் செல்வது என்பதை முதலில் தாளில் கணக்குப் போட்டுத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போடாமல் மரபணுவில் கைவைப்பவர்கள், பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வட்ட டி.என்.ஏ.) சரியாக இருந்தும் பொருள் ஏன் வரவில்லை என்று தெரியாமல் நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்த வழிகாட்டி ஒரே ஒரு பொருளை, அதாவது லாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு, கணக்கிலிருந்து குடுவை வரை செல்லும் வழியை விளக்குகிறது. முறை தெரிந்துவிட்டால் வேறு பொருளுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

துறையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப்போர்க் காலத்தில் வேதியியலாளர் வைஸ்மன் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியாவைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து அசிட்டோன் எடுத்தபோது, இயற்கையில் இருந்த உயிரியை அப்படியே பயன்படுத்தினார். உயிரியின் பாதையையே மாற்றி எழுதும் வேலை மரபணுத் தொழில்நுட்பம் வந்த பிறகே தொடங்கியது. 1987-ல் இங்கிராம் குழுவினர் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் சேர்த்து அதை எத்தனால் தரும் உயிரியாக மாற்றினார்கள். அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை 1991-ல் அந்த வேலைக்குத்தான் கிடைத்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் பெய்லி எழுதிய கட்டுரைக்குப் பின் 'வளர்சிதை மாற்றப் பொறியியல்' தனித்துறையாக நிலைபெற்றது.

எந்தப் பொருள்: எலெக்ட்ரான் கணக்கு

ஒரு சேர்மத்தின் வாய்பாட்டில் உள்ள கார்பன் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி, ஹைட்ரஜன் எண்ணிக்கையைக் கூட்டி, ஆக்ஸிஜன் எண்ணிக்கையின் இருமடங்கைக் கழித்தால், அந்த மூலக்கூறு சுமந்திருக்கும் பயன்படு எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கிடைக்கும். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன் கொண்ட குளுக்கோஸுக்கு இது 24. எத்தனாலுக்கு 12, லாக்டிக் அமிலத்துக்கு 12, ஐசோபியூட்டனால் என்ற நான்கு கார்பன் ஆல்கஹாலுக்கு 24, ஃபார்னசீன் என்ற ஹைட்ரோகார்பனுக்கு 84, கார்பன் டை ஆக்சைடுக்கு பூஜ்யம். வெளியிலிருந்து வேறு ஆற்றல் தராதவரை, ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் 24 எலெக்ட்ரான்களுக்கு மேல் எந்த உயிரியாலும் பொருளில் ஏற்ற முடியாது. ஆகவே ஒரு குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் இரண்டு எத்தனால், அல்லது இரண்டு லாக்டிக் அமிலம், அல்லது ஒரு ஐசோபியூட்டனால் கிடைக்கும்.

இதைக் கிராமுக்கு மாற்றினால் வேறுபாடு கண்ணில் படும். 180 கிராம் குளுக்கோஸில் 92 கிராம் எத்தனாலும், 74 கிராம் ஐசோபியூட்டனாலும் எல்லையாக நிற்க, லாக்டிக் அமிலம் முழு 180 கிராமும் கிடைக்கலாம். அதில் ஒரு கார்பன்கூடக் காற்றில் போவதில்லை. டீசலுக்கு மாற்றாகப் பேசப்பட்ட ஃபார்னசீனுக்கு எலெக்ட்ரான் எல்லை சுமார் 58 கிராம்தான். செல்லில் உண்மையில் உள்ள பாதை அதற்கும் கீழே நிற்கும். ஒரு கிலோ ஃபார்னசீனுக்கு மூன்று கிலோவுக்கு மேல் சர்க்கரை வேண்டும் என்றால், அதை டீசல் விலைக்கு விற்க முடியுமா என்பதை யாரும் கணித்துக்கொள்ளலாம். அமிரிஸ் நிறுவனம் பிரேசிலில் கரும்புச் சர்க்கரையிலிருந்து ஃபார்னசீன் எடுத்து எரிபொருளாக விற்கும் நோக்கத்துடன் தொடங்கி, பின்னர் அழகுசாதனப் பொருள்களின் பக்கம் திரும்பியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

எரிபொருளுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நிறை குறைந்தால் ஆற்றலும் குறைந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஒரு மோல் குளுக்கோஸை எரித்தால் சுமார் 2,805 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும்; அதிலிருந்து வரும் இரண்டு மோல் எத்தனாலை எரித்தால் சுமார் 2,734 கிலோஜூல் கிடைக்கும். ஈஸ்ட் கார்பனை இழந்தாலும் ஆற்றலை ஏறத்தாழ முழுவதுமாகக் காத்துத் தருகிறது. ஆயினும் எத்தனாலை இயற்கை ஈஸ்டே இவ்வளவு நேர்த்தியாகத் தரும்போது, அதற்காக மரபணுவை மாற்ற வேண்டிய தேவை மாணவர் ஆய்வில் இல்லை.

ஐசோபியூட்டனால் கவர்ச்சியான பொருள்தான். 2008-ல் லியாவோ குழுவினர் அமினோ அமிலம் உருவாகும் பாதையையே கிளைதிருப்பி, ஈ.கோலையில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பாதையில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. சர்க்கரை உடையும்போது கிடைப்பவை இரண்டு என்.ஏ.டி.ஹெச். (செல்லுக்குள் எலெக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறு); பாதையில் வரும் ஒரு நொதி கேட்பதோ அதன் நெருங்கிய வகையான என்.ஏ.டி.பி.ஹெச். மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் 'நாணயம்' வேறாக இருப்பதால், ஆக்ஸிஜன் இல்லாத நிலையில் பாதை நின்றுவிடுகிறது. ஃபிரான்சஸ் ஆர்னால்டின் குழு அந்த நொதியையே என்.ஏ.டி.ஹெச்.-ஐ ஏற்கும்படி மாற்றி 2011-ல் இதைத் தீர்த்தது. லாக்டிக் அமிலத்தில் இந்தத் தொல்லை இல்லை: சர்க்கரை உடைந்து கிடைக்கும் பைருவேட்டிலிருந்து ஒரே நொதி, ஒரே படி, அதே என்.ஏ.டி.ஹெச். முதல்முறை இறங்குபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

ஏன் ஈஸ்ட், ஏன் லாக்டோபேசில்லஸ் இல்லை

தயிரில் உள்ள லாக்டோபேசில்லஸ் குடும்பமே லாக்டிக் அமிலத்தைத் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, தொழிற்சாலைகளும் நெடுங்காலமாக அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அமிலம் சேரச் சேர அந்தப் பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடுவதால் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைச் சமன்செய்துகொண்டே இருக்க வேண்டும். அப்போது கையில் கிடைப்பது கால்சியம் லாக்டேட். அதிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் சேர்த்தால் ஜிப்சம் படிகிறது: 180 கிராம் லாக்டிக் அமிலத்துக்கு 172 கிராம் ஜிப்சம், அதாவது பொருளுக்கு ஏறத்தாழச் சம எடையில் கழிவு.

லாக்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தில் பாதி பிரிந்து நிற்கும் பி.ஹெச்.) 3.86. பி.ஹெச். 5-ல் அமிலத்தின் 7 சதவீதம் மட்டுமே பிரியாத அமிலமாக இருக்கும்; பி.ஹெச். 3-ல் அது 88 சதவீதம். பிரியாத அமிலத்தை நேரடியாகப் பிரித்தெடுக்கலாம், சுண்ணாம்பும் வேண்டாம், ஜிப்சமும் வராது. பி.ஹெச். 3-ல் உயிரோடு வேலை செய்வது ஈஸ்ட். கார்கில் நிறுவனம் அமிலம் தாங்கும் ஈஸ்டைத் தொழிற்சாலை அளவில் கொண்டுவந்ததன் நோக்கமும் இதுவே. தவிர, சுக்ரோஸை ஈஸ்ட் தானாகவே உடைத்து உண்ணும். ஆய்வகங்களில் பரவலாக உள்ள ஈ.கோலை கே-12 வகைக்குச் சுக்ரோஸைப் பயன்படுத்தும் திறன் கிடையாது. ஆகவே அக்கானியை ஊடகமாக்க நினைப்பவர்களுக்கு அது முதல் படியிலேயே உதவாது.

கள்ளில் இருக்கும் நாட்டு ஈஸ்டைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினால் என்ன என்பது நம் பகுதி மாணவர்களுக்கு இயல்பாக வரும் யோசனை. கடுமையான சூழலைத் தாங்குவதில் அவை சிறந்தவை என்றாலும், பெரும்பாலும் குரோமோசோம் தொகுதிகள் இரண்டோ அதற்கு மேலோ இருப்பதால் ஒரு மரபணுவை நீக்க அதன் எல்லாப் பிரதிகளையும் நீக்க வேண்டியிருக்கும். முதல் சுற்றில் ஒற்றைத் தொகுதி கொண்ட, மரபணு வரிசை முழுவதும் தெரிந்த ஆய்வக வகையை எடுத்துக்கொள்வதே நல்லது. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி., புனேயில் உள்ள என்.சி.ஐ.எம். ஆகிய நுண்ணுயிரிச் சேமிப்பகங்களின் பட்டியலைப் பார்த்துக் கல்லூரி வழியாக எழுதிப் பெறலாம்.

சர்க்கரையைத் தயார் செய்தல்

மரச்சீனி திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் பரவி, 1956 வரை அந்த சமஸ்தானத்தோடும் அதன் தொடர்ச்சியோடும் இருந்த நம் மாவட்டத்தில் மீன்குழம்போடு நிலைத்துவிட்ட கிழங்கு. சேலம் பக்கம் போல இங்கே அதற்கு மாவு ஆலைகள் பெருகவில்லை. விளைவதில் பெரும்பகுதி அடுப்புக்கே போகிறது. ஆகவே நம் மாவட்ட மரச்சீனியில் தொழிற்சாலை நடத்தலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதுவது பொருந்தாது. ஆய்வுக்கு வேண்டிய சில கிலோக்களுக்கு அதைவிட வசதியான மாவுச்சத்து மூலமும் இல்லை. கிழங்கு பற்றிய ஐயங்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் எட்டும் தூரத்தில் உள்ளது.

பச்சைக் கிழங்கில் நான்கில் ஒரு பங்கு மாவுச்சத்து என்று கொண்டால், ஒரு கிலோவில் 250 கிராம். நீரேற்றத்தில் எடை கூடுவதால் அது 278 கிராம் குளுக்கோஸாகும். எல்லை விளைச்சலில் அதிலிருந்து 142 கிராம் எத்தனால், 114 கிராம் ஐசோபியூட்டனால், அல்லது 278 கிராம் லாக்டிக் அமிலம் கிடைக்கும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் சயனைடு. மரச்சீனியில் லினமரின் என்ற சேர்மம் உண்டு. கிழங்கு நசுங்கும்போது அதிலேயே உள்ள லினமரேஸ் நொதி அதை உடைக்க, இறுதியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. வீட்டில் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். லினமரினில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆய்வகத்தில் நாம் தண்ணீரை வடிப்பதில்லை, மாவுக்கூழ் முழுவதும் ஊடகமாகிறது. அதோடு, அரைத்தவுடனே கொதிக்கவைத்தால் நொதி அழிந்து லினமரின் உடையாமல் ஊடகத்திலேயே தங்கிவிடும். எனவே தோலை முழுவதும் நீக்கி, கிழங்கை நன்றாக அரைத்து, சில மணிநேரம் அறை வெப்பத்தில் விட்டு நொதிக்கு நேரம் கொடுத்த பிறகு, புகைபோக்கி அறைக்குள் திறந்த பாத்திரத்தில் சூடாக்க வேண்டும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி என்பதால் அது ஆவியாகிப் போய்விடும். மூடிய அறையில், புகைபோக்கி இல்லாமல் இந்தப் படியைச் செய்யக் கூடாது.

அதன்பின் பி.ஹெச்.-ஐ 6 அளவில் வைத்து, வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் சேர்த்து 90 டிகிரியில் கூழை இளகச் செய்து, 60 டிகிரிக்கு ஆறவைத்து, பி.ஹெச்.-ஐ 4.5-க்கு இறக்கி, குளுக்கோஅமைலேஸ் சேர்த்து இரவு முழுவதும் விட வேண்டும். ஒரு சொட்டு அயோடினில் நீலம் வராவிட்டால் மாவுச்சத்து தீர்ந்தது என்று பொருள். ஆனால் அது குளுக்கோஸாகிவிட்டதா, இடைநிலையில் நிற்கிறதா என்பதை அயோடின் சொல்லாது. குளுக்கோஸைத் தனியாக அளக்க வேண்டும். மரச்சீனியில் நைட்ரஜன் மிகக் குறைவு, ஆகவே அம்மோனியம் சல்ஃபேட்டும் சிறிது ஈஸ்ட் சாறும் சேர்க்க வேண்டும். சர்க்கரையையும் நைட்ரஜன் பொருளையும் ஒன்றாக ஆட்டோகிளேவில் வைத்தால் கரைசல் பழுப்பேறிக் கெடும் என்பதால் தனித்தனியாக வைத்துப் பின்னர் கலக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உள்ள கல்லூரிகள் கிணற்று நீரை ஊடகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உப்பின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறினால் இரண்டு சோதனைகளை ஒப்பிட முடியாமல் போகும்.

அக்கானியைப் பயன்படுத்துவோர், கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதையே வாங்க வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. வாங்கியதைச் சிறிது கந்தக அமிலத்தால் பி.ஹெச். 5-க்குக் கொண்டுவந்து வடிகட்டி, அன்றே கிருமிநீக்கம் செய்துவிட வேண்டும்.

பாதையை வரைதல்

ஈஸ்டுக்குள் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும்போது இரண்டு ஏ.டி.பி.யும் (செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) இரண்டு என்.ஏ.டி.ஹெச்.-ம் கிடைக்கின்றன. என்.ஏ.டி.ஹெச். செலவாகாவிட்டால் சர்க்கரை உடைவதே நின்றுவிடும். இயற்கை ஈஸ்ட் பைருவேட்டைப் பைருவேட் டிகார்பாக்சிலேஸ் (பி.டி.சி.) நொதியால் அசிட்டால்டிஹைடாக்கி, அதன்மேல் என்.ஏ.டி.ஹெச்.-ஐச் செலுத்தி எத்தனாலாக்குகிறது. நாம் சேர்க்கப்போகும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் (எல்.டி.ஹெச்.) அதே பைருவேட்டையும் அதே என்.ஏ.டி.ஹெச்.-ஐயும் கேட்கிறது. வயலுக்குப் போகும் கால்வாயில் புதிதாக ஒரு மடை திறந்தால் மட்டும் போதாது, பழைய மடையை அடைத்தாக வேண்டும் என்பதுதான் இங்கும் நிலைமை. 1994-ல் டெக்கானும் பாரும் லாக்டோபேசில்லஸின் எல்.டி.ஹெச். மரபணுவை ஈஸ்டில் சேர்த்தபோது லாக்டிக் அமிலமும் எத்தனாலும் கலந்தே வந்தன.

பழைய மடையை அடைப்பதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. பி.டி.சி.க்கு ஈஸ்டில் மூன்று மரபணுக்கள்: பி.டி.சி.1, பி.டி.சி.5, பி.டி.சி.6. முதலாவதை மட்டும் நீக்கினால் இரண்டாவது தன் வேலையைக் கூட்டி ஈடுகட்டிவிடுகிறது. மூன்றையும் நீக்கினால், செல்லின் சாறுநீர்ப் பகுதியில் கொழுப்பு உருவாக்கத் தேவைப்படும் அசிட்டைல் கோ-ஏ கிடைக்காமல் ஈஸ்ட் தவிக்கிறது. அசிட்டேட்டோ எத்தனாலோ வெளியிலிருந்து சிறிது கொடுத்தால்தான் வளரும், அப்போதும் குளுக்கோஸ் அதிகமானால் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே திட்டப்பணிக்கு என் பரிந்துரை நடுவழிதான்: பி.டி.சி.1 இருக்கும் இடத்திலேயே எல்.டி.ஹெச்.-ஐப் பதிப்பது. இதனால் ஈஸ்டின் மிக வலிமையான ஊக்கிகளில் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதிகள்) ஒன்று எத்தனாலுக்கு உழைப்பதை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்துக்கு உழைக்கத் தொடங்குகிறது. டொயோட்டா ஆய்வுக்குழு மாட்டின் எல்.டி.ஹெச். மரபணுவை இப்படிப் பதித்து, 2005-ல் கரும்புச் சாறு ஊடகத்தில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் எல்-லாக்டிக் அமிலம் (கண்ணாடிப் பிம்பம் போன்ற எல், டி என்ற இரு வடிவங்களில் ஒன்று) எடுத்தது. இது வேலை செய்த பிறகு பி.டி.சி.5-ஐத் தொடலாம்.

இன்னொரு மரபணுவையும் மறக்கக் கூடாது. சி.ஒய்.பி.2 என்ற மரபணுவின் நொதி எல்-லாக்டேட்டைத் திரும்பப் பைருவேட்டாக்கும். குளுக்கோஸ் இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். தீர்ந்ததும் விழித்துக்கொண்டு, சேர்த்துவைத்த பொருளையே ஈஸ்ட் உண்ணத் தொடங்கும். மாலையில் எடுத்த மாதிரியில் இருந்த அமிலம் மறுநாள் காலையில் குறைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதையும் நீக்கிவிடுவது நல்லது.

அடுத்தது ஆற்றல். ஒரு லாக்டிக் அமிலத்துக்கு ஒரு ஏ.டி.பி. என்ற கணக்கில் வருமானம் வருகிறது. ஆனால் செல்லுக்குள் நடுநிலையான பி.ஹெச்.-ல் அமிலம் பிரிந்துவிடுவதால், புரோட்டானையும் லாக்டேட்டையும் வெளியே தள்ள ஏ.டி.பி. செலவாகிறது, வெளியே அமிலம் மிகுந்தால் பிரியாத மூலக்கூறுகள் சவ்வு வழியே மீண்டும் உள்ளே கசிந்து செலவைக் கூட்டுகின்றன. வரவும் செலவும் சமமாகிவிட்டால் வளர்வதற்கு மிச்சமில்லை. லாக்டிக் அமிலத்தை மட்டுமே தரும் ஈஸ்ட் ஆக்ஸிஜன் இல்லாமல் வளர முடியாது என்று வான் மாரிஸ் குழு 2004-ல் காட்டியதன் உட்பொருள் இதுவே. எனவே சிறிதளவு காற்று கொடுக்க வேண்டும், மிகுந்தால் சர்க்கரை சுவாசத்தில் எரிந்துபோகும்.

இவ்வளவையும் கையால் கணிப்பது கடினம் என்பதால் கணினி மாதிரிகள் உண்டு. ஈஸ்டுக்கு 'ஈஸ்ட்8', ஈ.கோலைக்கு 1,515 மரபணுக்களைக் கொண்ட 'ஐ.எம்.எல்.1515' ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. 'கோப்ராபை' என்ற பைதான் தொகுப்பு சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். பழகுவதற்கு 95 வினைகள் மட்டுமே கொண்ட ஈ.கோலை மைய மாதிரியில் தொடங்கி, ஆக்ஸிஜனைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு வினையாக அடைத்துப் பார்த்தால், எதை அடைத்தால் எது பொங்குகிறது என்பது ஒரு மாலைக்குள் பிடிபடும். ஒரு எச்சரிக்கை: அமிலத்தின் நச்சுத்தன்மையும், பி.டி.சி.5 ஈடுகட்டுவது போன்ற கட்டுப்பாடுகளும் இத்தகைய மாதிரிகளுக்குத் தெரியாது. மாதிரி காட்டும் விளைச்சல் மேல்எல்லை மட்டுமே.

மரபணுவைப் பதித்தல்

எல்.டி.ஹெச். மரபணுவை ஈஸ்டின் கோடான் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறி) வழக்கத்துக்கு ஏற்ப எழுதிச் செயற்கையாகத் தயாரித்து வாங்கலாம். வாங்குமுன் அது எல் வடிவத்தைத் தருவதா, டி வடிவத்தைத் தருவதா என்று பார்க்க வேண்டும். பாலிலாக்டிக் அமில நெகிழி செய்வோர் இந்தத் தூய்மையைத்தான் முதலில் கேட்பார்கள். பிளாஸ்மிடில் வைத்துப் பரிசோதிப்பது எளிது என்றாலும், மருந்து அழுத்தம் இல்லாவிட்டால் செல்கள் பிளாஸ்மிடை உதிர்த்துவிடும். ஆகவே குரோமோசோமில் பதிப்பதே சரி.

டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர்-காஸ்9 கருவி ஈஸ்டில் 2013 முதல் பயன்பட்டு வருகிறது. பி.டி.சி.1-ஐக் குறிவைக்கும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும் காஸ்9-ம் ஒரு பிளாஸ்மிடில் இருக்க, இருபுறமும் பி.டி.சி.1-ஐ ஒத்த வரிசை கொண்ட எல்.டி.ஹெச். துண்டை அதனுடன் சேர்த்து, லித்தியம் அசிட்டேட் முறையில், 42 டிகிரி வெப்ப அதிர்ச்சியுடன் செலுத்த வேண்டும். சிறு மாற்றங்களுக்கு 50 டி.என்.ஏ. கார இணைகள் ஒத்திருந்தாலே ஈஸ்ட் ஏற்றுக்கொள்ளும். முழு மரபணுவைப் பதிக்கும்போது சில நூறு இணைகள் வைத்தால் வெற்றி கூடுகிறது. வளர்ந்த காலனிகளை பி.சி.ஆர்.-ல் (டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) சரிபார்க்கும்போது, பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர்களில் ஒன்றாவது பதித்த துண்டுக்கு வெளியே, குரோமோசோமில் அமைய வேண்டும். இரண்டும் துண்டுக்குள்ளேயே இருந்தால், தவறான இடத்தில் பதிந்த காலனியும் நல்ல பட்டை காட்டி ஏமாற்றும். சரியான காலனியை வரிசைப்படுத்தி உறுதிசெய்து, காஸ்9 பிளாஸ்மிடை நீக்கிவிட்டே அடுத்த மாற்றத்துக்குப் போக வேண்டும்.

குடுவையில் அளத்தல்

250 மில்லி குடுவையில் 50 மில்லி ஊடகம், 30 டிகிரி, மாறாத சுழல்வேகம், ஒவ்வொன்றுக்கும் மூன்று குடுவைகள், பக்கத்திலேயே மாற்றப்படாத தாய் வகை. முதல் சுற்றைத் தூய குளுக்கோஸில் செய்து முடித்த பிறகே மரச்சீனிக் கரைசலுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தொடங்கினால், பிழை ஈஸ்டிலா ஊடகத்திலா என்று பிரித்தறிய முடியாது. மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டு ஷேக்கர் நின்றால் குடுவைக்குள் ஆக்ஸிஜன் சில நிமிடங்களிலேயே தீர்ந்து, எத்தனாலும் கிளிசராலும் கூடிவிடும். யு.பி.எஸ். இல்லாத ஆய்வகத்தில் மின்தடையின் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பிறகு ஒட்டாத ஒரு புள்ளிக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கும்.

அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்பது முதல் பார்வைக்குப் போதும், ஆனால் அது எல்லா அமிலங்களையும் சேர்த்தே காட்டும். அறிக்கைக்கு ஹெச்.பி.எல்.சி. (கரைசலில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) வேண்டும், கரிம அமிலங்களுக்கான பிரிப்புக் குழாயில் நீர்த்த கந்தக அமிலத்தை ஓடவிட்டால் குளுக்கோஸ், லாக்டிக் அமிலம், கிளிசரால், எத்தனால் நான்கும் ஒரே ஓட்டத்தில் பிரியும்.

எண்கள் வந்ததும் கார்பன் கணக்கை மூட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் செலவாகியிருக்கிறது, அதில் கார்பன் 8 கிராம். லாக்டிக் அமிலம் 10 கிராம் என்றால் அதில் கார்பன் 4 கிராம். எத்தனால் 3 கிராமில் 1.57, அதனுடன் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடில் 0.78. கிளிசரால் 1 கிராமில் 0.39. உலர்ந்த செல் 2 கிராமில் ஏறத்தாழ 0.96. கூட்டினால் 7.7 கிராம், அதாவது 96 சதவீதம். மீதி சுவாசத்தில் போயிருக்கலாம், அளவுப் பிழையாகவும் இருக்கலாம், ஏற்கத்தக்கது. இந்த அட்டவணை உடனே இன்னொன்றையும் காட்டுகிறது: எத்தனால் பக்கம் மட்டும் 29 சதவீதக் கார்பன் போகிறது, ஆகவே அடுத்து அடைக்க வேண்டியது பி.டி.சி.5. கூட்டுத்தொகை 80 சதவீதத்தில் நின்றால், அடுத்த மரபணுவைத் தேடாமல் அளவீட்டைத் திருத்த வேண்டும். கணக்கு 110 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் ஊடகத்தில் உள்ள ஈஸ்ட் சாறோ, முழுமையாக உடையாத மாவுச்சத்தோ காரணமாக இருக்கும்.

விளைச்சல், செறிவு, வேகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டும். விளைச்சல் சர்க்கரைச் செலவையும், செறிவு பிரித்தெடுக்கும் செலவையும், வேகம் தொட்டியின் அளவையும் தீர்மானிக்கின்றன. டூபாண்ட்-ஜெனன்கோர் குழு ஈ.கோலையில் 1,3-புரொப்பேன்டையால் எடுத்தபோது எட்டிய செறிவு லிட்டருக்கு 135 கிராம். மொத்தமாக விற்கும் வேதிப்பொருளுக்கு அந்த அளவிலான எண்தான் தேவைப்படுகிறது. ஒரு மாணவர் குழு 15 கிராமில் நிற்பது குறையில்லை, அதை அப்படியே எழுதினால் போதும்.

அமிலத் தாங்குதலைக் கூட்ட, மரபணுவைத் தேடி அலைவதைவிடப் பரிணாமத்திடம் விடுவது மலிவானது. ஊடகத்தில் சிறிது லாக்டிக் அமிலம் சேர்த்து, நாள்தோறும் ஒரு பங்கு வளர்ப்பைப் புதிய குடுவைக்கு மாற்றி, வளர்ச்சி பழைய வேகத்துக்கு வந்ததும் அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் பொருளைத் தராமல் வேகமாக வளரும் செல்களே இப்போட்டியில் வெல்லக்கூடும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை விளைச்சலை அளந்து, அது சரிந்தால் முந்தைய உறைமாதிரிக்குத் திரும்ப வேண்டும்.

அனுமதியும் கழிவும்

மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளுவது 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளுக்கு உட்பட்டது. கல்லூரியில் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதற்குத் திட்டத்தை எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறையின் 2017 வழிகாட்டு நெறிகள் எந்த வகை வேலைக்கு எந்த அளவு பாதுகாப்பு என்பதை விரிவாகச் சொல்கின்றன. குழு இல்லாத கல்லூரி மாணவர்கள், குழு உள்ள நிறுவனத்தில் மரபணுப் பகுதியைச் செய்துவிட்டு, சர்க்கரைத் தயாரிப்பையும் கணினி மாதிரியையும் தங்கள் கல்லூரியில் செய்யலாம்.

வளர்ப்பு முடிந்த குடுவைகள், தட்டுகள், பிப்பெட் முனைகள் எல்லாவற்றையும் 121 டிகிரியில் அரைமணி நேரம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும். ஆய்வக ஈஸ்ட் தீங்கற்றது என்பது இதைத் தவிர்க்கக் காரணமாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் உருவான வகையைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் இரண்டு பெட்டிகளில் வைத்து, குழாயின் மேல் பெயரையும் தேதியையும் எழுதினால் மட்டும் போதாது, எந்த மரபணு நீக்கப்பட்டது, எது எங்கே பதிக்கப்பட்டது, எந்த ப்ரைமரால் சரிபார்க்கப்பட்டது என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் பி.டி.சி.5-ஐ நீக்கத் தொடங்குவது அந்தப் பதிவேட்டிலிருந்துதான்.